எதிர் வீட்டுக்கு ஒரு பி.பி. கால்

12 பிப்ரவரி 1987, வியாழன்

இன்று முற்பகலில் எங்கள் வீட்டுக்கு டெலிபோன் வந்து சேர்ந்தது. விண்ணப்பம் கொடுத்தபோது மகள் வடிவு பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் படிப்பை முடித்து, பம்பாய்க்கு வேலைக்குப் போய், அங்கே கூட வேலை பார்த்த எட்வின் என்பவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, இந்த வீட்டு வாசலுக்கு இனி வரக் கூடாது என்று நான் சொல்லி, அதற்கும் ஒன்றரை வருடம் கழிந்த பிறகு நம் முறை வந்திருக்கிறது. அரசாங்கம் யாரையும் மறப்பதில்லை. சற்றுத் தாமதமாக ஞாபகம் வருகிறது, அவ்வளவுதான்.

வடிவைப் பற்றி இந்த டைரியில் எழுதுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். மேலே உள்ளது டெலிபோன் பற்றியது.

லைன்மேன் மாசாணம் கம்பி இழுத்து, கறுப்புப் பெட்டியை முன்னறை மேசையில் வைத்து, காபி குடித்து, சந்தோஷமாக ஏதாவது கொடுங்கள் என்றான். கொடுத்தேன், சந்தோஷம் இல்லாமல். என் மனைவி ஆவுடை பெட்டிக்குக் குங்குமம் வைத்தாள். முதல் கால் யாருக்குப் போடுவது என்று இருவரும் யோசித்தோம். எங்களுக்குத் தெரிந்த யாரிடமும் டெலிபோன் இல்லை. கடைசியில் நான் தலைமை எழுத்தராக இருக்கும் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கே போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்று அவர்களைப் பழக்கியவன் நான்தான்.

15 பிப்ரவரி, ஞாயிறு

வீட்டுக்கு வந்த முதல் அழைப்பு. ஆவுடை எடுத்தாள், எதிர் வீட்டு ஜெபமணி டீச்சரைக் கூப்பிட ஓடினாள். பம்பாயிலிருந்து டீச்சரின் பழைய மாணவியாம். நம்பர் பம்பாய் வரைக்கும் எப்படிப் போயிற்று என்று கேட்டேன். டீச்சர் கடிதத்தில் எழுதினாராம். பெட்டி வந்து மூன்றாம் நாளே தபால் பம்பாய் போய்ச் சேர்ந்துவிட்டது. தபால் இலாகாவை இனிக் குறை சொல்ல மாட்டேன்.

டீச்சர் இரண்டு வார்த்தை பேசினார். அப்புறம் ஆவுடை ரிசீவரை வாங்கிக்கொண்டாள். டீச்சரின் மாணவியோடு இவளுக்கு என்ன பேச்சு என்று நான் கேட்பதற்குள், வீட்டில் கத்தரிக்காய் இல்லை என்று பையைக் கொடுத்து அனுப்பிவிட்டாள். திரும்பி வந்தபோது ஆவுடையின் கண் சிவந்திருந்தது. வெங்காயம் உரித்தாளாம். இன்று எங்கள் வீட்டில் வெங்காயம் போட்ட பதார்த்தம் எதுவும் இல்லை.

3 மார்ச், செவ்வாய்

தெரு முழுவதும் என் நம்பரைத் தன் நம்பராக எழுதத் தொடங்கிவிட்டது. கல்யாணப் பத்திரிகையில், கடை ரசீதில், வரன் தேடும் ஜாதகத்தில் என் நம்பர், பக்கத்தில் பி.பி. என்று இரண்டு எழுத்து. அதற்கு அர்த்தம்: இந்த டெலிபோன் எங்களுடையது அல்ல, ஆனால் இதன் சொந்தக்காரன் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவந்து எங்களைக் கூப்பிடுவான்.

பலசரக்குக் கடை ஐயம்பெருமாள் ஒருபடி மேலே போய்க் கடைப் பெயர்ப்பலகையிலேயே எழுதி வைத்துவிட்டார். வெல்ல மண்டிக்காரர் விடிந்ததும் விடியாததுமாக என்னை எழுப்பி விலை சொல்கிறார். வெல்லம் இறங்குமுகம் என்பதை அலுவலகத்தில் நான் சொல்ல, நாலு பேர் என்னிடம் யோசனை கேட்கிறார்கள்.

வருகிற காலுக்குக் காசு இல்லை என்று டெலிபோன்காரர்கள் சொல்வது சுத்தப் பொய். ஆளைக் கூப்பிட்டு வர வேண்டும், வந்தவர் மூச்சு வாங்க உட்கார்ந்தால் மின்விசிறி, பேசி முடித்தால் காபி. சாவுச் செய்தி என்றால் கூட இருந்து ஆறுதல் சொல்ல வேண்டும். இதெல்லாம் எந்த பில்லில் வருகிறது?

22 மார்ச், ஞாயிறு

சட்டம் கொண்டுவந்துவிட்டேன். அட்டையில் எழுதி டெலிபோனுக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறேன். வெளியே பேசுகிறவர்கள் உண்டியலில் காசு போட வேண்டும். வெளியிலிருந்து கூப்பிடுகிறவர்கள் பேர், ஊர், கூப்பிட வேண்டிய ஆளுக்கு என்ன உறவு என்று சொன்னால்தான் ஆளை அழைப்போம். என் அலுவலகத்தில் உறவு சொல்லாமல் ஒரு சாட்சிகூடக் கையெழுத்துப் போட முடியாது. வீட்டுக்கு மட்டும் என்ன சலுகை?

டயலில் பூட்டும் போட்டாயிற்று. சாவி என் அரைஞாண் கயிற்றில்.

டீச்சரின் மாணவி இன்றும் கூப்பிட்டாள். நான் காய் வாங்கப் போனேன். திரும்பும்போது பேச்சு முடியவில்லை என்று ஜன்னல் வழியாகத் தெரிந்ததால், தெருமுனையில் நின்று சுவரொட்டி எல்லாவற்றையும் படித்தேன். மூலத்துக்கு நல்ல மருந்து ஒன்று வந்திருக்கிறது.

12 ஏப்ரல், ஞாயிறு

உண்டியலைத் திறந்தேன். கொஞ்சம் சில்லறை, ஒரு செல்லாத காசு, ஒரு சட்டைப் பொத்தான். பொத்தான் ஐயம்பெருமாளுடையது. அவர் சட்டையில் மேலிருந்து இரண்டாவது இல்லை.

பூட்டும் வீண். பூட்டியிருக்கும்போதே அவர் ரிசீவர் வைக்கும் இடத்தைத் தட்டித் தட்டி நம்பர் போடுகிறார். மூன்று என்றால் மூன்று தட்டு, ஏழு என்றால் ஏழு. மிருதங்கம் படித்திருந்தால் எங்கேயோ போயிருப்பார். கையும் களவுமாகப் பிடித்தேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"கோவப்படாதீங்க அண்ணாச்சி. பூட்டு வேலை செய்யுதான்னு பாத்தேன். செய்யல. வேற வாங்குங்க" என்றார்.

எனவே பி.பி. முறை இன்றோடு ரத்து. ஐயம்பெருமாள் பலகையை அழித்துவிடச் சம்மதித்தார், தீபாவளிக்குள். ஜெபமணி டீச்சருக்கு மட்டும் விலக்கு. காரணம், அவர் வீடு நேர் எதிரே இருக்கிறது, ஆகையால் செருப்புத் தேய்மானம் குறைவு. இதில் வேறு காரணம் ஒன்றும் இல்லை. ஆவுடை என்னைப் பார்த்துச் சிரித்தாள். இந்த வீட்டில் நியாயமாக நடந்துகொண்டால் சிரிக்கிறார்கள்.

9 மே, சனி

டீச்சரின் மாணவிக்கு மசக்கையாம். வாயில் எதுவும் தங்கவில்லையாம். ஆவுடை பொட்டலம் கட்டுகிறாள், பார்சல் செலவு என் தலையில். யாரோ ஒரு டீச்சர், அவர் யாருக்கோ பாடம் நடத்தினால், அந்தப் பெண்ணுக்கு வாந்தி வந்தால், பாளையங்கோட்டையில் நான் செலவு செய்ய வேண்டும். டெலிபோன் வைத்திருப்பவனின் தலைவிதி.

எலுமிச்சை ஊறுகாய் வைத்திருந்தாள். எடுத்துவிட்டு நார்த்தங்காய் வைக்கச் சொன்னேன். மசக்கைக்காரிகளுக்குப் பொதுவாக எலுமிச்சை பிடிக்காது. சிறு வயதிலிருந்தே சிலருக்குப் பிடிக்காது.

14 ஜூன், ஞாயிறு

ஆவுடை குளித்துக்கொண்டிருந்ததால் நான் எடுக்க வேண்டியதாயிற்று.

இரண்டு முறை ஹலோ சொன்னேன். பிறகு, "ஜெபமணி டீச்சரைக் கொஞ்சம் கூப்பிட முடியுமா சார்?" என்று ஒரு பெண் குரல். நம் சட்டப்படி பேர், ஊர், உறவு கேட்க வேண்டும். பேரையும் ஊரையும் கேட்கவில்லை. உறவு மட்டும் கேட்டேன். "பழைய மாணவி சார்" என்றாள். சொல்லும்போதே இருமல் வந்துவிட்டது. நெஞ்சில் சளி கட்டிய இருமல், மாதம் ஏறியிருக்கிற நேரத்தில். ஆடாதோடைக் கஷாயம் குடி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஊரார் வீட்டுப் பெண், நமக்கென்ன என்று விட்டுவிட்டேன்.

டீச்சரைக் கூப்பிட ஓடினேன். அவர் வீட்டுப் படியில் ஏறியபோதுதான் ஒரு காலில் மட்டும் செருப்பு இருப்பதைப் பார்த்தேன்.

என்னை அவள் சார் என்று கூப்பிட்டாள். மரியாதை தெரிந்த பெண்.

21 ஜூலை, செவ்வாய்

டெலிபோன் பில் வந்தது. எதிர்பார்த்ததை விடக் கூடுதல். நாம் பேசியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தப் பக்கம் வந்த மாசாணத்திடம் காட்டினேன். கூடுதலாக இருப்பது, பம்பாய் மாதிரித் தூர ஊருக்குப் பகல் நேரத்தில் எஸ்.டி.டி. போட்டால் வருகிற அளவு என்றான்.

ஆவுடைக்கு டயல் சுற்றத் தெரியாது. தட்டுகிற வித்தை ஐயம்பெருமாளுக்கு மட்டும்தான் தெரியும், அவருக்குப் பம்பாயில் யாரும் இல்லை. சாவி என் இடுப்பில். ஆகவே இது டெலிபோன்காரர்களின் பிழை. ஆட்சேப மனு எழுத உட்கார்ந்தேன். பேனாவில் மை இல்லை. எழுந்து போய்ப் பணத்தைக் கட்டிவிட்டேன்.

25 ஆகஸ்ட், செவ்வாய்

ஜெபமணி டீச்சருக்குச் சொந்த டெலிபோன் கிடைத்துவிட்டது. அவர் விண்ணப்பித்தும் வருடக்கணக்காயிற்றாம். அடுத்த வாரம் கம்பி இழுக்கிறார்கள்.

நல்ல எண்ணத்தோடு போய் எச்சரித்தேன். டெலிபோன் என்பது வீட்டுக்குள் வருகிற பொதுச் சத்திரம், நிம்மதி போய்விடும், வாடகை, பில், காபிப்பொடி என்று எல்லாம் எடுத்துச் சொன்னேன். என் டெலிபோனையே உங்களுடையதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஆறு மாசமா நாங்க எல்லாரும் தொந்தரவு பண்ணுதோம்னு சொன்னீங்களே அண்ணாச்சி. இனி அந்தத் தொந்தரவு இருக்காது. ஞாயித்துக்கெழமை நீங்க காய் வாங்கப் போகாம வீட்டுலயே இருக்கலாம்."

அவர் முகத்தில் கேலி இருந்ததா என்று தெரியவில்லை. முப்பது வருடம் பிள்ளைகளை மேய்த்தவர்களின் முகத்தில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

மாசாணத்தைத் தனியாகக் கூப்பிட்டு, கையில் கொஞ்சம் அழுத்தி, எதிர் வீட்டு வேலை நிதானமாக நடக்கட்டும் என்றேன். அவன் நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சார்வாள், சீக்கிரம் முடிக்கச் சொல்லித்தான் எல்லாரும் குடுப்பாவ. மெதுவா முடிக்கதுக்குக் குடுத்த முத ஆளு நீங்கதான். அது சும்மாவே நடக்கும்" என்றான். ஆனால் நோட்டைத் திருப்பித் தரவில்லை.

6 செப்டம்பர், ஞாயிறு

என் பணத்தை வாங்கிய உற்சாகத்திலோ என்னவோ, மாசாணம் சொன்ன தேதிக்கு முன்பே வேலையை முடித்துவிட்டான்.

இன்று எங்கள் வீட்டு மணி அடிக்கவில்லை. எதிர் வீட்டில் அடித்தது. ஆவுடை கை ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டே தெருவைக் கடந்து போனாள். வீட்டில் கத்தரிக்காய் இருந்தது. ஆனாலும் நான் காய் வாங்கப் போனேன்.

20 செப்டம்பர், ஞாயிறு

டெலிபோன் கெட்டுவிட்டதோ என்று ரிசீவரை எடுத்துப் பார்த்தேன். இரண்டு முறை. நன்றாகத்தான் இருக்கிறது.

இரவுச் சாப்பாட்டின்போது ஆவுடை விஷயத்தைச் சொன்னாள். முகத்தைப் பார்க்காமல், ரசத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"பிள்ளை வியாழக்கெழமை வருது. தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான் பாக்கணும். நம்ம வீட்டுக்கு வரக் கூடாதுன்னு சொல்லிட்டீங்க. டீச்சர் வீட்டுல எடம் இருக்கு. பிரசவம் முடியுத மட்டும் நானும் அங்கதான் இருப்பேன். உங்களுக்குச் சோறு அங்கேருந்து வரும்."

எந்தப் பிள்ளை என்று நான் கேட்டிருக்கலாம். அந்த அளவுக்கு எனக்கு நடிப்பு வரவில்லை.

4 அக்டோபர், ஞாயிறு

பத்து நாளாகத் தூக்குவாளியில் சாப்பாடு வருகிறது. ருசியில் குறை இல்லை. வடிவு எதிர் வீட்டில் இருக்கிறாள். டீச்சர் ஊராருக்கெல்லாம் தன் மகள் மாதிரி என்று சொல்கிறார். ஐயம்பெருமாள் கடையில் வைத்து என்னிடமே, டீச்சர் வீட்டுக்கு வந்திருக்கிற பெண் உங்கள் வடிவு சாயல் என்கிறார். அவரை விட நல்ல நடிகனைப் பார்த்ததில்லை. மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் முன்வாசலில் நடப்பது என் ஜன்னலிலிருந்து தெரிகிறது. நான் பார்ப்பதில்லை. ஜன்னல் அந்தப் பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான்.

நான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். பத்துப் பேர் முன்னால் சொன்னேன். அலுவலகத்தில் ஒருமுறை பதிவானதை யாராலும் அழிக்க முடியாது. ஆனால் அவள் வாசலுக்கு வரக் கூடாது என்றுதான் சொன்னேனே தவிர, டெலிபோனைப் பற்றி அன்று ஒன்றும் பேசவில்லை. டெலிபோன் அப்போது நம் வீட்டில் இருக்கவும் இல்லை.

சாயங்காலம் பூட்டைத் திறந்து எதிர் வீட்டு நம்பரைச் சுற்றினேன். தெருவுக்கு அந்தப் பக்கம் மணி அடிப்பது இரண்டு காதிலும் கேட்டது. டீச்சர் எடுத்தார். ஒரு பி.பி. கால், உங்கள் பழைய மாணவியைக் கூப்பிட முடியுமா என்றேன். அவர் என்னிடம் பேர், ஊர், உறவு எதுவும் கேட்கவில்லை.

"சொல்லுங்க சார்" என்றாள் வடிவு.

இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஆடாதோடை நம் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது, பறித்து அனுப்புகிறேன் என்றேன்.

"அந்த இருமல் ஆனி மாசமே போயிட்டு" என்றாள். அப்புறம், "அப்போ அன்னைக்கே தெரியுமாப்பா உங்களுக்கு?"

லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் சரியாகத்தான் இருந்தது. நான்தான் சரியாக இல்லை. உள்ளூர் கால் எவ்வளவு நேரம் பேசினாலும் ஒரே காசு. அவ்வளவு தூரம் சுற்றிவிட்டு இப்படி வைத்தது வீண் செலவு.

2 நவம்பர், திங்கள்

விடியற்காலையில் எதிர் வீட்டு வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. மூன்று பேரும் ஏறினார்கள். வடிவு ஏறும்போது வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு எங்கள் ஜன்னலைப் பார்த்தாள். நான் சட்டையைத் தலைகீழாக மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டி வெளியே வருவதற்குள் கார் போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனேன். உள்ளே போகவில்லை, வேப்பமரத்தடியில் நின்றேன். பத்து மணி வாக்கில் ஆவுடை வெளியே வந்தாள். நான் அங்கே நிற்பது அவளுக்கு ஆச்சரியமாகவே இல்லை.

"பொம்பளப் பிள்ளை. ரெண்டு உயிரும் நல்லா இருக்கு. மாப்பிள்ளைக்குச் சொல்லணும். டீச்சர் வீடு பூட்டியிருக்கு, நாங்க நகர முடியாது. நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

எட்வினின் நம்பர் எனக்குத் தெரியாதே என்றேன். காலண்டரில் அவள் எழுதி வைத்த இடம் எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தேன். திங்கட்கிழமை, பட்டப்பகல், முழுக் கட்டணம். பம்பாயில் அவர்களுக்கும் சொந்த டெலிபோன் இல்லை, அதுவும் பி.பி.தான். தாராவியில் ஏதோ ஒரு திருநெல்வேலிக்காரரின் மளிகைக் கடை. நாலாவது தடவை சுற்றியதும் கிடைத்தது.

"எட்வினா? மாடியில இருக்காரு, ஆள் அனுப்பிக் கூப்பிடுதேன். யாரு பேசுதுன்னு சொல்லணும்? பேரு, ஊரு?"

கோமதிநாயகம், பாளையங்கோட்டை என்றேன்.

"என்ன உறவுங்க? தப்பா நெனைக்காதீங்க. ஆனி மாசம் ஒருத்தர் பாளையங்கோட்டைன்னு சொல்லிப் பகல்ல பேசுனாரு. என்ன உறவுன்னு கேட்டேன், பட்டுன்னு வச்சிட்டாரு. எட்வின் மூணு நாளு என்னய வந்து கேட்டாரு, யாரு அண்ணாச்சி, யாரு அண்ணாச்சின்னு. அதான் இப்ப முதல்லயே கேட்டுக்கிடுதேன்."

என் தலைக்கு மேலே அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. பேர், ஊர், உறவு. என் கையெழுத்து, நல்ல தடித்த மையில்.

"மாமனார்" என்றேன். அந்தச் சொல்லை நான் அதுவரை வாயால் சொன்னதில்லை. மெதுவாகத்தான் வந்தது. கடைக்காரருக்குச் சரியாகக் கேட்கவில்லை போல. மறுபடியும் கேட்டார்.

"எட்வினோட மாமனார் பேசுதேன். வடிவோட அப்பா. ஆனி மாசம் பேசுனதும் நான்தான்."

அவர் கூப்பிட ஆள் அனுப்பினார். மாடியிலிருந்து எட்வின் இறங்கி வருவதற்கு நேரம் பிடித்தது. பம்பாய்க் கடையில் யாரோ பருப்பு விலை கேட்டார்கள், அதையும் என் செலவில் கேட்டுக்கொண்டு நின்றேன். அவன் வந்ததும் முதலில் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது. செருப்பில்லாமல் ஓடி வந்திருப்பான். எனக்குத் தெரியும்.

பெண் குழந்தை, இருவரும் சுகம் என்று சொன்னேன். அடுத்த வண்டியில் புறப்பட்டு வாருங்கள் மாப்பிள்ளை என்றேன். டீச்சர் வீட்டு விலாசம் தன்னிடம் இருக்கிறது என்றான். அந்த விலாசம் வேண்டாம், ஆஸ்பத்திரியிலிருந்து வடிவும் குழந்தையும் நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறார்கள், டீச்சர் வீட்டுக்கு எதிர் வீடு, வாசலில் நான் நிற்பேன் என்றேன்.

இதற்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போடவில்லை. சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஆடாதோடை பறித்துக்கொண்டு போனேன். இருமல் இல்லை என்று தெரியும். வெறுங்கையோடு எப்படிப் போவது?